எடைக்குப் போன தேம்பாவணி

கார்த்திகை தீபத்துக்கு மறுநாளே எங்கள் வீட்டில் கோடி வேட்டியிலிருந்து நூல் உருவ ஆரம்பித்துவிட்டோம். தினம் ஒன்று. கடைசி நாளில் 21 இழையையும் மொத்தமாக உருவிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. என் அப்பத்தா இருந்தால் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். எதிர்வரிசையில் கணக்கு சார் வீட்டு மாடியில், மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டி உள்ளே பல்பு போட்ட நட்சத்திரம் ஏறிவிட்டது. இந்த வருடம் பிள்ளையார் நோன்பும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வருகின்றன.

நம் பக்கத்து வாசகர்களுக்கு நோன்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வார்த்தை. நகரத்தார் வீடுகளில் அந்த 21 நூலையும் சேர்த்துத் திரியாக்கி, நெய்யும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்த மாவில் பிள்ளையாராகப் பிடித்துச் செருகி, ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையில் கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் இழை எடுத்துக்கொள்வது. காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்த காலத்தில் கடலில் போனவர்கள் புயலில் மாட்டி, நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைத்துப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்கள் என்று கதை சொல்வார்கள். ஆவாரம்பூ, பொரி, கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் உண்டு. சிறுவயதில் எனக்குப் பயம் சுடரைப் பற்றி அல்ல. அதற்கு முன் எவ்வளவு நேரம் பசியோடு உட்கார வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

வருடத்தில் சஷ்டி எத்தனையோ உண்டே, ஏன் மார்கழி வளர்பிறையில் சஷ்டியும் சதயமும் கூடும் நாள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டவர் கணக்கு சார்தான். பள்ளி ஸ்டாஃப் ரூமில் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் போட்டுக் காட்டினார். கார்த்திகை பௌர்ணமி போனால் தேய்பிறை 15 நாள், வளர்பிறையில் சஷ்டி வரைக்கும் 6, ஆக 21. நட்சத்திர வரிசையில் கார்த்திகை மூன்றாவது, சதயம் இருபத்து நான்காவது. 24-இல் 3 போனால் அதுவும் 21. “ரெண்டு கணக்கும் ஒண்ணா வந்து முட்டுது பாருங்கய்யா. யாரோ நல்லா யோசிச்சு வச்சிருக்காங்க” என்றார். மூன்று தலைமுறையாக இழை எடுத்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு கத்தோலிக்கர்.

இப்படித்தான் எங்கள் மார்கழி வாசிப்பு தொடங்கியது. வருடா வருடம் டிசம்பரில் நான் அவருக்கு ஒரு புத்தகம், அவர் எனக்கு ஒரு புத்தகம். முதல் வருடம் நான் திருப்பாவை உரை கொடுத்தேன். முப்பது பாட்டையும் நாளுக்கு ஒன்றாகப் படித்துவிட்டு, “இந்தப் பொண்ணு ஒருத்தியையும் விடாம ஒவ்வொரு வீடா எழுப்பிக்கிட்டுப் போகுதே, எங்க கேரல் பார்ட்டி மாதிரியே இருக்கு” என்றார். திருக்கோஷ்டியூர் நமக்கு எட்டிய தூரம்தான். ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்றே ஒரு பெயர் உண்டு. அவரிடம் இந்த உவமையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருடம் திருவெம்பாவை. இருபது பாட்டோடு திருப்பள்ளியெழுச்சி பத்தையும் சேர்த்தால் மாதக் கணக்கு சரியாக வந்துவிடுகிறது என்று அதற்கும் ஒரு கூட்டல் போட்டார். பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் ஒரு விழாவுக்கே திரியெம்பாவை, திரிபாவை என்று பெயர் இருப்பதைச் சொன்னபோது, பர்மாவோடு நின்றுவிட்டதாக நினைத்த நம் ஆட்கள் அதற்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறார்களா என்று கேட்டார். இது செட்டியார்கள் போன பயணம் அல்ல, அதற்கு வெகுகாலம் முந்தியது என்று விளக்கினேன்.

அவர் எனக்கு முதலில் கொடுத்தது ‘இயேசு காவியம்’. சிறுகூடல்பட்டிக்காரர் எழுதியது என்பதால் எனக்கு வேறு சிபாரிசு வேண்டியிருக்கவில்லை. ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ பத்துப் பாகம் எழுதிய அதே கை. 1981 அக்டோபர் 17-இல் சிகாகோவில் கண்ணதாசன் மறைந்தார். காவியம் 1982-இல் வெளிவந்தது. வெளியீட்டைப் பார்க்க அவர் இல்லை. காரைக்குடி பஸ் நிலையப் பக்கம் அவர் மணிமண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

இங்கிலாந்தில் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ எழுதியதற்குப் பிறகு, குளிர்கால ராத்திரியில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்பது இன்னும் பெரிய பழக்கமாயிற்று என்பார்கள். எங்களுக்குக் கணப்பு ஏது? முகப்புத் திண்ணை, தலையில் குல்லா, ஃப்ளாஸ்க்கில் சுக்குக் காபி. அவர் வீட்டு அச்சு முறுக்கும் கலகலாவும் ஒரு தூக்கில் வரும். நோன்பு முடிந்ததும் அதே தூக்கில் எங்கள் பணியாரம் போகும். தூக்கு யாருடையது என்பது இன்றுவரை தீராத வழக்கு.

1989 டிசம்பரில் அவர் கொண்டுவந்தது தேம்பாவணி. முதல் காண்டம் மட்டும், அட்டை போய், துணி ஒட்டிய பழைய பதிப்பு. அவருடைய தகப்பனார் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, பாதிராத்திரிப் பூசைக்குப் புறப்படும் முன் அரிக்கேன் விளக்கில் மகவருள் படலத்தைப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிப்பாராம். பக்க ஓரமெல்லாம் பென்சில் குறி. சில இடத்தில் சின்ன நட்சத்திரம், சில இடத்தில் கோடு. “நீங்க தமிழய்யா. உங்ககிட்ட இருந்தாத்தான் அதுக்கு மரியாதை. படிச்சிட்டு எனக்கு அர்த்தம் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன், சில வருடம். வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்த பெஸ்கி என்பதும், 36 படலத்தில் 3615 பாட்டாகச் சூசையப்பரைத் தலைவராக வைத்துப் பாடினார் என்பதும் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். அவற்றைவிட என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. அவர் சூசையப்பரை வளன் ஆக்கினார், யோவானைக் கருணையன் ஆக்கினார். நாட்டுப் படலத்தில் யூதேயாவைப் பாடப்போனவர், மேகம் கடலில் நீர் மொண்டு வந்து மழை பெய்து ஆறு புரண்டு வயல் விளைவதாகப் பாடுகிறார். பாலஸ்தீனத்தில் இவ்வளவு நெல்வயல் ஏது? கம்பனின் கோசலம்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. கம்பனடிப்பொடி சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவில், தரையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தக் காதோடு தேம்பாவணியைப் படித்தால் இத்தாலிக்காரர் எங்கே படித்தார் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரியும்.

புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று இல்லை. ஒவ்வொரு மார்கழியும் எடுப்பேன், ஒரு படலம் படிப்பேன், தை பிறந்ததும் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த வருடம் முடித்துவிட்டுக் கொடுத்துவிடலாம்.

2006-இல் எங்கள் வீடு பங்கு பிரிந்தது. பங்காளிகள் ஏழு பேர், ஆளுக்கு ஒரு திசையில் ஊர். கதவு நிலை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு என்று ஆளாளுக்குக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மாடி அறையில் இருந்த காகிதத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வட்டிக்கடைப் பேரேடு, பழைய கடிதம், பத்திரிகைக் கட்டு, டிரங்குப் பெட்டி. பழைய பேப்பர்க்காரர் வந்து நின்றபோது அத்தனை பேர் நடுவில் “எல்லாத்தையும் எடுத்துக்கப்பா” என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. மூன்று மாதம் கழித்து மார்கழியில் தேடும்போதுதான், எந்தப் பெட்டியில் வைத்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ரவிவர்மா படம், சுவர்க் கடிகாரம், பீங்கான் ஜாடி எல்லாம் இருந்தன. ஒரு கடையில் எங்கள் வீட்டு இன்ஷியல் போட்ட பித்தளைத் தட்டு ஒன்றே இருந்தது. அதை விலைக்கு வாங்கி வந்தேன். தேம்பாவணி இல்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துக்கொண்டேன். நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் எடுத்து வைத்த மனிதர். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியதும், அதைக் கொண்டு சென்னையில் நூலகம் அமைந்ததும் எல்லோருக்கும் தெரியும். ஆறு கிலோமீட்டரோ ஏழோ தள்ளி இருந்த ஊரில் ஒருவர் அப்படி. தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய நான் இப்படி.

கணக்கு சாரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. புத்தகம் மாற்றிக்கொள்வது மட்டும் நடந்தது. அவர் டிசம்பர் வந்து திண்ணையில் உட்காரும்போதெல்லாம் நானே பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். வருடங்கள் அப்படிப் போயின. இதற்குள் சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது. இப்போது வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது.

இந்த வருடம் ஐந்தாவது இழை உருவிய அன்று சாயங்காலம் கைத்தடியோடு வந்தார். “ஐயா, அப்பாவோட தேம்பாவணி உங்ககிட்டதானே இருக்கு? பேரன் லீவுக்கு வர்றான். ஒரு தடவை அவன் கையில கொடுத்துப் பார்க்கணும்னு ஆசை.”

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நோன்புக்கு நூல் எடுத்துக்கொண்டு இருக்கிற நாளில் இன்னொரு பொய் வேண்டாம் என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னேன். எந்த வருடம் என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எடைக்கு என்ன கொடுத்தான்?” என்றார்.

எனக்கு நினைவில்லை. அதையும் சொன்னேன். “சரி” என்று எழுந்தவர் கையைப் பிடிக்கப் போனேன். “படி எனக்குத் தெரியும்” என்று தானாகவே இறங்கிப் போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. காலை நடைக்கும் வரவில்லை. “நீங்கதான் போகணும். அவுக வரணும்னு உக்காந்திருந்தா எப்படி?” என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். மதுரைக்குப் போய்ப் புதிய பதிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, அவரும் ஓய்வு பெற்ற டீச்சர், “வாங்கய்யா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மற்ற நாளில் உட்கார்ந்து பேசுபவர். சார் புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

“இதுல அப்பா குறி போட்டது இருக்காதே.”

“இருக்காது சார்.”

“அதை நீங்க எங்க போய் வாங்குவீங்க?”

பதில் இல்லை. போய்விடலாமா என்று நினைத்தபோது, “வந்ததுதான் வந்தீங்க, மகவருள் படலத்தை எடுத்துப் படிங்க” என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது. படித்தேன். பத்துப் பன்னிரண்டு பாட்டுப் போயிருக்கும். “நிறுத்துங்க. இங்க ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார். இந்த இடத்துல அவருக்குக் குரல் கம்மும்” என்றார். மேஜை மேல் பேரன் விட்டுப்போன பென்சில் கிடந்தது. ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் போகிறேன். டீச்சர் மறுபடி காபியோடு வந்து உட்கார்கிறார். நேற்றோடு பதினாறு குறி சேர்ந்திருக்கிறது. ஒரு பாட்டில் கோடா, நட்சத்திரமா என்று அவருக்கே சந்தேகம். அதற்கு ஒரு கேள்விக்குறி மட்டும் போடச் சொன்னார். பேரன் புதன்கிழமை வருகிறான். அதற்குள் படலத்தை முடித்துவிட வேண்டும். தூக்கை இந்த முறை நான்தான் முதலில் அனுப்புகிறேன். நோன்பன்று ராத்திரி நேரமானாலும் பரவாயில்லை, இழை எடுக்கும்போது தானும் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுடர் மட்டும் கொஞ்சம் தெரியுமாம்.