எக்கோ பெட்டி

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கிறது. 19 அங்குல அகலம், ஒன்றேமுக்கால் அங்குல உயரம். முகப்பில் வரிசையாகத் திருகுகள், பொத்தான்கள், எண் ஒளிரும் ஒரு சின்னச் சன்னல். ரோலண்ட் எஸ்டிஇ-1000 என்பது அதன் பெயர். 1983இல் வந்த டிஜிட்டல் டிலே. இதெல்லாம் பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை எனக்கும் ஊருக்கும் அது ‘எக்கோ பெட்டி’.

அப்பா கீரமங்கலத்தில் மைக் செட் வைத்திருந்தார். நான்கு கூம்புக் குழாய், இரண்டு பாக்ஸ், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜெனரேட்டர். காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, வள்ளி திருமண நாடகம், கட்சிக் கூட்டம், ஆடி மாத மொய் விருந்து என்று வருடம் முழுக்க ஓட்டம். அம்மா பூக்காரி. கொல்லையில் மல்லிகையும் முல்லையும் இருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூ எடுத்து, விடிவதற்குள் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அப்பாவின் தொழில் ஊருக்கே கேட்கும். அம்மாவின் தொழில் சத்தமில்லாமல் நடக்கும். வீட்டில் அரிசி வாங்கியது பெரும்பாலும் பூக்காசில்தான்.

1997இல் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த மாமா, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் அந்தப் பெட்டியை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் செட்டுக்கு வாடகை ஏறியது. “எக்கோ உள்ள செட்டாப்பா?” என்று கேட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். நாடகத்தில் ராஜபார்ட் வசனத்தை முடித்ததும் கடைசிச் சொல் மூன்று தரம் உருண்டு தென்னந்தோப்புக்குள் போய் அடங்கும். கூட்டத்தில் பேச்சாளர் “தாய்மார்களே” என்பார். மார்களே, மார்களே என்று அது பின்னால் உட்கார்ந்திருந்த தாய்மார்களைத் தாண்டி ரோட்டுக்குப் போகும். மொய் விருந்தில் பெயர் வாசிப்பதற்கும் எக்கோ உண்டு. அம்மா சேர்த்த பூக்காசு, அப்பா பெயரில், அப்பா செட்டில், மூன்று தரம் ஒலிக்கும்.

இந்த விஷயத்தில் நான் அப்பா பிள்ளை. ஒயர் சுருட்டுவது, ஃபியூஸ் போடுவது, மைக்கை ஊதிப் பார்ப்பது எல்லாம் பத்து வயதில் எனக்கு அத்துப்படி. டைமைக் கூட்டினால் எதிரொலி தள்ளிப் போகும், ஃபீட்பேக் திருகைத் திருப்பினால் எண்ணிக்கை கூடும் என்பதை அப்பாவுக்கு முன்னால் கண்டுபிடித்தவள் நான்.

1999இல், பதின்மூன்று வயதில், வயதுக்கு வந்தேன். வாசலில் தென்னங்கீற்றில் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள். சடங்கன்று காலை ஐந்து மணிக்கே எங்கள் செட் பாட ஆரம்பித்தது. நடுநடுவே பாட்டை நிறுத்தி, என் பெயரைச் சொல்லி, இன்னார் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கிறோம் என்றார் ஒரு உறவுக்காரர். எக்கோ போட்டுத்தான். என் பெயர் பூ மார்க்கெட் வரைக்கும் மூன்று மூன்று தரமாகப் போனது. எங்கள் வகுப்புப் பையன்கள் வீடும் அந்தப் பக்கம்தான். என் உடம்பில் நடந்த ஒன்றை ஊருக்குச் சொல்ல, நான் தொட்டுத் தொட்டுப் பழகிய பெட்டியையே எடுத்துக்கொண்டார்கள். குச்சுக்குள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் நான் வழக்கம்போல செட் அறைக்குப் போனேன். அப்பாயி வாசலிலேயே மறித்தாள். “இனிமே அதுக்குள்ள போகக்கூடாது. சாமி மாதிரி பொட்டு வச்சிக் கும்புடுற பொருளு.” அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அந்தக் கோபத்தில்தான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ எடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அங்கேதான் பெட்டியின் உள்விவகாரம் புரிந்தது. டிஜிட்டலுக்கு முன்னால் எக்கோ என்றால் நாடா. ரோலண்டின் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ 1974இல் வந்தது. அதில் ஒரு நாடா ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஹெட் பதியும், தள்ளியிருக்கிற ஹெட்டுகள் வாசிக்கும். நாடா தேயத் தேயக் குரலும் மங்கும். டிஜிட்டல் டிலே குரலை எண்களாக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நாம் சொன்ன மில்லிசெகண்ட் கழிந்ததும் எடுத்துத் திருப்பித் தருகிறது. அமெரிக்காவில் லெக்சிகான் கம்பெனியைத் தொடங்கிய எம்.ஐ.டி. பேராசிரியர் பிரான்சிஸ் லீ இதை முதலில் செய்தது இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வேலைக்காக. அதில் ஒலியைச் செலுத்திப் பார்க்கலாமே என்று அவரோடு இருந்த ஒருவர் சொல்ல, 1971இல் டெல்டா டி என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. அந்தப் பெட்டிகளுக்குக் கிடைத்த முக்கியமான வேலை, பெரிய கூட்டங்களில் தூரத்து ஒலிபெருக்கிகளை மேடையோடு ஒத்துப்போக வைப்பது. அதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பெட்டியை அந்த வேலைக்கு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை.

திருச்சியில் ஒரு டிவி சர்வீஸ் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, மகளோடு ஊருக்குத் திரும்பியிருந்தேன். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் போராட்டம் தொடங்கியது. வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று சுற்றுவட்டாரமெல்லாம் பந்தல். வீட்டு வேலையை முடித்துவிட்டும் முடிக்காமலும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்படிப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு எங்கள் செட் போயிருந்தது. அம்மாவும் பூக்கடைப் பெண்களோடு வந்திருந்தாள். யாரோ கைப்பிடித்து இழுத்து அவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை. அதுவும் தன் வீட்டு மைக்.

“இந்த மண்ணுல பூவெடுத்துத்தான்...” என்று தொடங்கினாள். பக்கத்து பாக்ஸிலிருந்து ‘எடுத்துத்தான், எடுத்துத்தான்’ என்று வந்தது. நிறுத்திவிட்டாள். மறுபடி தொடங்கினாள். நாக்கு குழறியது. யாரோ குறுக்கே பேசுகிறார்கள் என்று நினைத்து இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். “பயப்படாம பேசுங்க” என்று ஒருவர் கீழிருந்து தைரியம் சொன்னார்.

அம்மா பயப்படவில்லை. அது எனக்குத் தெரியும். பெட்டியில் 220 என்று எரிந்துகொண்டிருந்தது. ஒருவருடைய குரலையே அவர் காதுக்குச் சுமார் 200 மில்லிசெகண்ட் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால், சரளமாகப் பேசுகிறவர்களும் திக்குவார்கள், இழுப்பார்கள். 1950இலேயே ஆய்வு செய்து எழுதப்பட்ட விஷயம் இது. பயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயும் காதும் ஒன்றையொன்று நம்பி வேலை செய்கின்றன. நடுவில் தாமதத்தைப் போட்டால் இரண்டும் தடுமாறும்.

அப்படியானால் இத்தனை வருடமாக அதே எக்கோவில் ஆண்கள் எப்படி முழங்கினார்கள்? அன்றைக்குத்தான் இது எனக்கு உறைத்தது. அவர்கள் இடைவெளி விட்டுப் பேசுவார்கள். ஒரு சொல்லைப் போடுவார்கள், நிற்பார்கள், அது சுற்றிவந்து அடங்கியதும் அடுத்ததைப் போடுவார்கள். நின்றால் யாரும் மைக்கைப் பிடுங்கமாட்டார்கள் என்ற உறுதி இருக்கிறவர்களால்தான் அப்படி நிற்க முடியும். அம்மா வேகமாகப் பேசுகிறவள். அப்பா குறுக்கிடுவதற்குள், மாமியார் கூப்பிடுவதற்குள், அடுப்பில் பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று பழகிய நாக்கு. நம்மில் பலருக்கும் அந்த நாக்குதான். அந்த வேகத்துக்கு எக்கோ பெட்டியில் இடமில்லை.

எழுந்து செட்டுக்குப் போனேன். பதினெட்டு வருடம் கழித்து. அப்பா பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“எக்கோவ நிறுத்துங்கப்பா.”

“நிறுத்துனா கொரல் எடுபடாதும்மா.”

“அம்மாவுக்கு எடுபடும். நிறுத்துங்க.”

அவர் நகர்ந்து இடம் விட்டார். ஃபீட்பேக்கைச் சுழியத்துக்கு இறக்கி, எக்கோ வருகிற வழியையே மிக்ஸரில் அடைத்தேன். அம்மா மறுபடி பேசினாள். பூவெடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது, ஆழ்துளைக் கிணறு போடக் கம்மலை விற்றது, நிலத்தடித் தண்ணீர் கெட்டால் முல்லைக் கொடிக்கு எதை ஊற்றுவது என்று கேட்டது. நான்கு நிமிடம் இருக்கும். நடுவில் எங்கேயும் தடுமாறவில்லை.

ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கூட்டம் முடிந்ததும் சித்தி சொன்னாள். “சத்தம் வருது, பேச்சு வரல.” போய் நின்று கேட்டேன். எப்போதும்போல ஆண்கள் மேடையை ஒட்டி. பெண்கள் பந்தலின் கடைசியில், பிள்ளைகளோடு, ஒரு கூம்புக் குழாய்க்குக் கீழே. ஒயரில் மின்சாரமாகப் போகும் குரல் குழாயிலிருந்து உடனே வந்துவிடுகிறது. மேடைப் பக்கத்து பாக்ஸிலிருந்து காற்றில் நடந்து வரும் குரல் பிந்தி வருகிறது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் மோதிக் கூழாகிறது. அத்தனை வருடமும் முன்வரிசைக்காரர்கள் பேச்சைக் கேட்டார்கள், பின்வரிசைப் பெண்கள் இரைச்சலைக் கேட்டார்கள். பிறகு “பொம்பளைங்களுக்கு என்ன புரியும்” என்றார்கள்.

மறுநாள் மேடைப் பக்கத்து பாக்ஸிலிருந்து அந்தக் குழாய் வரைக்கும் நடந்து எண்ணினேன். 80 எட்டு. என் எட்டு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 56 மீட்டர். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 56ஐ 350ஆல் வகுத்தால் 160 மில்லிசெகண்ட். பின் குழாய்க்குப் போகும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் எக்கோ பெட்டியைச் செருகினேன். திரும்பத் திரும்ப ஒலிக்காமல், தாமதித்த குரல் ஒரே ஒரு தரம் மட்டும் போகும்படி வைத்தேன். 160க்கு மேல் இன்னும் 15 கூட்டி 175 ஆக்கினேன். எந்தத் திசையிலிருந்து குரல் முதலில் வருகிறதோ அங்கிருந்துதான் பேசுகிறார்கள் என்று காது நம்பும். அந்த 15 மில்லிசெகண்டில் மேடைக் குரல் கொஞ்சம் முந்திக்கொள்கிறது. குழாய் தலைக்கு மேலே இருந்தாலும், பேசுகிறவள் எதிரே நின்று பேசுவதாகவே தோன்றும்.

சாயங்காலம் சித்தி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இடையில் எழுந்து, மேடையில் பேசிய ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதுவரை யாரும் பின்னாலிருந்து கேள்வி கேட்டதில்லை. கேள்வி கேட்க, முதலில் பேச்சு விளங்க வேண்டும் இல்லையா.

பிற்பாடுதான் பாலின் ஆலிவெராஸ் பற்றிப் படித்தேன். 1932இல் டெக்சாஸில் பிறந்த இசையமைப்பாளர், அக்கார்டியன் கலைஞர். 21ஆம் பிறந்தநாளுக்கு அவருடைய அம்மா டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். 1953இல் ஒரு அம்மா மகளுக்கு! 1960களில் இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓடவிட்டுத் தாமதத்தை வைத்தே இசை செய்தார். பின்னாளில் லெக்சிகான் பிசிஎம்-42 என்ற டிஜிட்டல் டிலே பெட்டிகளை வைத்துத் தனக்கென்று ஒரு கருவித் தொகுதியையே உருவாக்கிக்கொண்டார். பெண் இசையமைப்பாளர்களை ‘லேடி கம்போசர்’ என்று ஒதுக்கிவைப்பதைக் கண்டித்து 1970இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஆழ்ந்து கேட்பது என்பதையே ஒரு பயிற்சியாக்கி, 2016இல் இறக்கும்வரை சொல்லிக்கொடுத்தார். அதைப் படித்த இரவு அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பொம்பளையோட அம்மா கெட்டிக்காரி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒன்ன அன்னைக்கு அப்பாயி தடுத்தப்ப நானும் சும்மாதான் நின்னேன்” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த வாக்கியம் பதினெட்டு வருடத் தாமதத்தில் வந்தது. வந்தது என்பதே எனக்குப் போதுமா என்று இன்னும் தெரியவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. செட் அறையின் ஓடு பறந்து பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் பெட்டியைத் திறந்து, பலகையைப் பிரஷ்ஷால் துடைத்து, வெயிலில் காயவைத்து, உப்பிப்போன கெபாசிட்டர்களை மாற்றினேன். அப்பா டார்ச் பிடித்தார். ஒரு மெமரி பொத்தான் மட்டும் இன்றுவரை வேலை செய்யவில்லை.

இப்போது செட்டை நான்தான் நடத்துகிறேன். எக்கோ வேண்டும் என்கிறவர்களுக்கு எக்கோ உண்டு, தொழில் தொழில்தானே. சடங்கு வீட்டில் மட்டும் பெண்ணின் பெயரை மைக்கில் சொல்லவிடுவதில்லை. அதனால் இரண்டு வாடகை போயிருக்கிறது. மற்றபடி எந்த விழாவுக்குப் போனாலும் குழாய் கட்டுவதற்கு முன்னால் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?” கேள்வி விளங்காமல் முழிப்பார்கள். கையை நீட்டிக் கடைசி மூலையைக் காட்டுவார்கள். மேடையிலிருந்து அங்கே வரைக்கும் எட்டு எண்ணிக்கொண்டே நடப்பேன். பின்னால் என் மகளும் எண்ணிக்கொண்டு வருவாள். அவள் எட்டு சிறியது. இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை என்று சண்டை போடுவாள். அவள் எட்டின் நீளத்தை அளந்து, அதை வைத்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.