காதுக்குத் தெரிந்த இலக்கணம்

மாலையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' பாடம் வந்தாலே அவர்கள் முகம் வாடிவிடும். பள்ளி நாட்களில் எனக்கும் அதே பயம்தான். குட், பெட்டர், பெஸ்ட் என்று அட்டவணை முழுவதையும் ஒப்பிப்பேன். வாக்கியம் எழுதச் சொன்னால் கை ஓடாது.

பிள்ளைகள் அடிக்கடி எழுதுவது இது: 'அவர் ஹவுஸ் இஸ் பிக் தேன் யுவர் ஹவுஸ்.' இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தமிழில் 'உங்கள் வீட்டைவிடப் பெரியது' என்கிறோம். ஒப்பிடும் வேலை முழுவதையும் 'விட' பார்த்துக்கொள்கிறது. 'தெருவிலேயே பெரியது' என்றாலும் 'பெரியது' மாறுவதில்லை. 'விட' இருந்த இடத்தில் 'தேன்' போட்டாயிற்று, பிள்ளையைப் பொறுத்தவரை வாக்கியம் முடிந்தது. ஆங்கிலத்திலோ அந்தச் சொல்லும் மாறியாக வேண்டும்: பிக்கர், பிக்கஸ்ட். இரண்டு மொழி வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது.

எங்கே 'அர்', எங்கே 'மோர்' என்பதற்குக் காதுதான் துணை. சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அசைக்கு ஒரு கைதட்டு. ஸ்மால், ஃபாஸ்ட் என ஒரே தட்டில் முடிந்தால் பெரும்பாலும் ஸ்மாலர், ஃபாஸ்டர். பியூ-டி-ஃபுல், இம்-பார்-டன்ட் என மூன்று தட்டு விழுந்தால் மோர், மோஸ்ட். தகராறு இரண்டு தட்டில்தான். ஹாப்பி, ஈஸி போல 'ஒய்'யில் முடிபவை ஹாப்பியர், ஈஸியர் ஆகும். கேர்ஃபுல், ஃபேமஸ் போன்றவை மோர் கேட்கும். க்விக்லி, ஸ்லோலி போன்ற வினையடைகளும் மோர் பக்கம்தான். ஆனால் ஏர்லி, ஏர்லியர் ஆகிவிடும்.

குட், பெட்டர் மட்டும் எந்தத் தட்டுக்கும் அடங்காது. ஜெர்மனிலும் 'கூட்', 'பெஸ்ஸர்' என்றே மாறுகிறது. அவ்வளவு பழைய சொத்து. இப்படிப்பட்டவை சிலதான், மனப்பாடம் செய்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சீனியர், ஜூனியர். லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவத்தில் இருந்தவை. அதனால் 'மோர்' வேண்டாம். 'தேன்' வராது, 'டு'தான் வரும். 'அவர் எனக்கு சீனியர்' என்று அலுவலகத்தில் சொல்கிறோமே, அந்த 'எனக்கு'தான் 'டு மீ'. இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்குத் தன் மொழியே விடையைக் கொடுத்துவிடுகிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிழை எங்கே பிறந்தது என்பதைப் பிள்ளையே காட்டிவிடும்.