வலக்கையும் இடக்கையும்

ஆங்கிலப் பாடத்தில் 'டெக்ஸ்டரஸ்லி' என்றொரு சொல் வரக் காண்கிறோம். 'கைத்திறனுடன்', 'இலாவகமாக' என்று பொருள் எழுதிக்கொண்டு மாணாக்கர் அப்பாற் செல்வர். அச்சொல்லின் பிறப்பைச் சிறிது ஆராய்தல் நன்று.

இலத்தீன் மொழியில் 'டெக்ஸ்டர்' என்பது வலப்பக்கத்தைக் குறிக்கும். வலக்கை செய்வதே செம்மையான வேலை என்னும் எண்ணத்தால், அச்சொல் திறமைக்கும் பெயராயிற்று. இடப்பக்கத்தைக் குறித்த 'சினிஸ்டர்' என்னும் சொல்லோ, ஆங்கிலத்திற் புகுந்து தீமையைக் குறிக்கலாயிற்று. வடமொழியிலுள்ள 'தட்சிணம்' இந்த 'டெக்ஸ்டர்' என்பதன் உடன்பிறப்பே. கிழக்கு நோக்கி நிற்போர்க்கு வலப்பக்கம் தெற்காதலின், அது தென்றிசைக்கும் பெயராயிற்று. தமிழிலும் 'வலம்' என்பதற்கு வலிமை, வெற்றி என்னும் பொருள்கள் உள. ஆகவே, வலக்கையை உயர்த்தி இடக்கையைத் தாழ்த்துதல் ஒரு நாட்டார்க்கே உரிய வழக்கமன்று.

அவ்வழக்கத்திற்கு யாமும் அடிமைப்பட்டிருந்தோம். அட்டன் பகுதித் தோட்டப் பாடசாலை ஒன்றிற் கற்பித்த காலத்தில், இடக்கையால் எழுதும் சிறுமி ஒருத்தி எம் வகுப்பிலிருந்தாள். பன்முறை கண்டித்து, எழுதுகோலை அவளது வலக்கைக்கு மாற்றினோம். எழுத்துக் கோணிற்று, நாளடைவில் அவள் வாய் திறந்து விடையிறுப்பதும் நின்றது.

ஒருநாட் காலை, பாடசாலைக்கு மேலுள்ள மலையில் அவள் தாய் நிரை பிடித்துக் கொழுந்து பறித்தலைக் கண்டோம். இரண்டு இலையும் ஒரு குருத்துமாக அவர் இரு கைகளும் ஒருங்கே கிள்ளின. வங்கி இலையை விலக்கின. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் இட்டன. வலக்கையின் வேலை எது, இடக்கையின் வேலை எது எனப் பிரித்தறிய எம்மால் இயலவில்லை. ஒரு கையால் மட்டும் பறித்தால் அன்றைய பேர் விழுமோ? 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்டுத் தொடங்கிய இத்தொழில், இரு கைகளின் உழைப்பாலன்றோ வளர்ந்தது!

அருச்சுனனுக்குச் 'சவ்வியசாசி' என்றொரு பெயருண்டு. இடக்கையாலும் அம்பெய்ய வல்லவன் என்பது அதன் பொருள். அதனை வகுப்பிற் பலகால் விளக்கிய யாம், முன் வாங்கில் இருந்த குழந்தையை அறியாதிருந்தமைக்கு நாணினோம்.

மறுநாள், எழுதுகோலை அவளது இடக்கையிலேயே கொடுத்தோம். எழுத்து விரைவில் நேர்ப்பட்டது; பேச்சு மீளச் சில திங்கள் சென்றன.

நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியப் பணி பூண்டுள்ள அன்பர்காள்! இச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் வரலாற்றையுங் கூறுங்கள். இடக்கையால் எழுதும் குழந்தை உங்கள் வகுப்பில் இருப்பின், அக்கையை அதன் போக்கில் விடுங்கள். விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க!