அசல் நிறம்

நீலம் என்றால் ஒரே நீலம்தான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கார்களுக்கு வண்ணம் பூசுபவரின் மகனாகப் பிறந்திராவிட்டால் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பட்டறைக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1960-களில் சென்னையில் தயாரான கார். கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய தந்தையார் வாங்கிய வண்டி. இடையில் யாரோ அதற்குச் சிவப்பு அடித்துவிட்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, எங்கப்பா ஓட்டினப்ப இருந்த அதே நீலம் வேணும்" என்றார்.

"கொண்டு வந்துடலாம் சார்" என்றார் அப்பா.

மறைந்துபோன நிறத்தை எங்கே தேடுவது? வெயில் படாத இடத்தில்தான். டிக்கியின் விரிப்புக்கு அடியில், கதவின் உள் அட்டைக்குப் பின்னால், நம்பர் பலகைக்குக் கீழே. ஹெரால்டின் உடல் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. ஆகவே தகடுகள் சேரும் இடுக்குகளும் உதவும். அப்படி ஓர் இடத்தில் அப்பா தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்த்தார். மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொன்றாகத் தெரிந்தன: சிவப்பு, சாம்பல், அதற்கும் கீழே இளநீலம், பிறகு ரெட் ஆக்சைடு, கடைசியில் இரும்பு. அந்த இளநீலம்தான் அசல்.

நிறத்தை அளக்கும் கருவிகள் இன்று வந்துவிட்டன. எங்கள் பட்டறையில் அப்பாவின் கண்தான் கருவி. வெள்ளை, நீலம், துளி கறுப்பு, துளி மஞ்சள் என்று கலந்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். ஆகவே தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, பாலிஷ் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மூன்றாம் நாள் ஒரு தகரத்தைப் பழைய நிறத்தின் அருகே வைத்து, "பாருடா, ஒட்டிக்கிச்சு" என்றார்.

எனக்குத் திக்கென்றது. தகரம் அசலைவிட நன்றாகவே அடர்ந்திருந்தது.

முப்பது ஆண்டுகளாகத் தன் கண்ணையே தராசாக நம்பிப் பிழைத்தவரிடம், அந்தத் தராசில் குறை என்று பெற்ற பிள்ளை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் வண்டிக்காரர் சொல்வார். பிறகு ஊரே சொல்லும். இரவெல்லாம் உறக்கமில்லை. காலையில் சொல்லிவிட்டேன்.

"காலேஜுக்குப் போனா எனக்கே கலர் சொல்லித் தருவியா?" என்று சீறினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எதிரிலுள்ள டீக்கடைக்காரரை அழைத்துவந்து காட்டினார். அவரும் அதையே சொன்னார். அப்பா தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அரசு மருத்துவமனையில் கண்புரை என்றார்கள். புரை வளர வளரக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறதாம். மஞ்சள் கண்ணாடி நீல ஒளியை விழுங்கிவிடும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அப்படி ஒரு கண்ணாடி என் தந்தையின் கண்ணுக்குள்ளேயே வளர்ந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

ஆசிரியர் பெருமனத்தோடு காத்திருந்தார். முதலில் ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரம் கழித்து அப்பா அந்தத் தகரத்தை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுல நீலம். அந்தக் கண்ணுல மஞ்சத்துணி போட்டு மூடின மாதிரி இருக்கு. இத்தனை நாளா இப்படியா பார்த்துக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

மீண்டும் கலந்தார். இம்முறை இடுக்கிலிருந்த நிறத்துக்கும் தகரத்துக்கும் வேற்றுமை காண என்னால் முடியவில்லை. வண்டியை எடுக்க வந்த ஆசிரியர் பேனட்டின் மேல் கை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றார்.

நண்பர்களே, நம் கண்ணுக்குச் சரியென்று படுவதை இன்னொரு கண்ணிடம் காட்டிக் கேட்பதில் இழிவேதும் இல்லை. இப்போதெல்லாம் கலவை முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிடுகிறார்: "நீயும் ஒரு தடவை பாருடா."

– மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்