சூழலையும் எழுதிவைப்போம்

சற்று நீண்ட பதிவு. கணினிவழி ஆய்வு செய்யும் மாணவர்களையும் அவர்களுடைய நெறியாளர்களையும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

சோதனைக்கூடத்தில் ஒரு நொதியைப் பயன்படுத்தும் ஆய்வாளர், அதைத் தயாரித்த நிறுவனம், பட்டியல் எண், செறிவு, வினை நடந்த வெப்பநிலை ஆகிய அனைத்தையும் ஆய்வேட்டின் 'பொருள்களும் முறைகளும்' இயலில் குறிப்பிடுகிறார். குறிப்பிடாவிட்டால் நெறியாளர் விடமாட்டார். அவர் விட்டாலும் தேர்வாளர் விடமாட்டார். அதே ஆய்வேட்டில், அந்தச் சோதனையின் தரவு முழுவதையும் அலசி முடிவைத் தந்த மென்பொருளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும்: 'புள்ளியியல் பகுப்பாய்வுக்கு ஆர் மொழி பயன்படுத்தப்பட்டது.' எந்தப் பதிப்பு, எந்தெந்தத் துணைப் பொதிகள், அவை எந்த லைப்ரரிகளை நம்பி நின்றன, எந்த இயங்குதளம் என்பன பற்றி ஒரு சொல்லும் இராது. அதை யாரும் கேட்பதும் இல்லை.

அந்த ஒற்றை வரி பின்னால் வருபவரிடம் என்ன விலை கேட்கும் என்பதை எங்கள் ஆய்வகத்தில் அண்மையில் கண்டேன்.

நான் தமிழகத்துக்கு வெளியே ஒரு மரபணுத் தரவு ஆய்வகத்தில் ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவி. ஒடிசாவிலிருந்து வந்த மாணவி ஒருவர் எங்களுடன் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். எங்களுக்கு முன்னர் முனைவர் பட்டம் பெற்றுச் சென்ற ஒருவர் கண்டறிந்த மரபணுப் பட்டியலிலிருந்து அவருடைய ஆய்வு தொடங்குகிறது. முறைப்படி, முதலில் முன்னவரின் நிரலை அதே தரவின் மீது ஓட்டி, அதே பட்டியல் கிடைக்கிறதா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. பெரும்பகுதி பொருந்தியது, ஆனால் எல்லைக்கோட்டின் அருகிலிருந்த சில மரபணுக்கள் விலகிப் போயின, முன்பு இல்லாத சில உள்ளே வந்தன. விலகியவற்றுள் இரண்டு, அவர் சோதனைக்கூடத்தில் ஆராயத் திட்டமிட்டிருந்தவை. ஆய்வுக் குழுவின் முன் திட்டத்தை வைக்க இரண்டு மாதங்களே இருந்தன.

நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. சமவாய்ப்பு எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணும் நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. தரவுக் கோப்புகளைச் சரிபார்த்தோம், அவையும் அவையே. வெளிநாட்டில் பணியாற்றும் முன்னவர் தம்மிடம் இருந்த அனைத்தையும் அன்போடு அனுப்பிவைத்தார். ஆனால் அவர் பயன்படுத்திய கணினியில் இயங்குதளம் அதற்குள் இருமுறை புதிதாக நிறுவப்பட்டிருந்தது. தேநீர் வேளையில், 'பழைய ஆய்வேடே சரிதானா' என்ற பேச்சு மெல்ல எழுந்தது. அந்த மாணவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தீதி, தவறு என்னுடையதா, அவருடையதா?"

இருவருடையதும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நிறுவத்தான் வழி வேண்டியிருந்தது.

இது எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 2012இல் பிளாஸ் ஒன் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, மூளைப் படங்களை அளக்கும் ஃபிரீசர்ஃபர் மென்பொருளைச் சோதித்தது. அதே படங்கள், மென்பொருளின் பதிப்பு மட்டும் வேறு. அளந்த கனஅளவுகள் சராசரியாக 8.8 விழுக்காடு வேறுபட்டன. ஒரே பதிப்பை வேறு வகைக் கணினியிலோ மேக் இயங்குதளத்தின் வேறு பதிப்பிலோ ஓட்டியபோதும் வேறுபாடுகள் தெரிந்தன. 2019இல் ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இன்னொன்றைக் கண்டறிந்தனர். 2014இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் வெளியாகிப் பலரும் பயன்படுத்திவந்த பைத்தான் நிரல்கள், இயங்குதளத்தைப் பொறுத்து வெவ்வேறு விடைகளைத் தந்தன. கோப்புகளின் பட்டியலை இயங்குதளம் எந்த வரிசையில் தருகிறதோ அந்த வரிசையை நிரல் அப்படியே நம்பியதுதான் காரணம். பிழைச் செய்தி எதுவும் எழவில்லை. விடை மட்டும் மாறியது. நிரல் நின்றுபோனால் நாம் விழித்துக்கொள்வோம். ஓடி முடித்து வேறொரு விடையைத் தரும்போது பெரும்பாலும் நாம் அறிவதே இல்லை.

நம்மிடையே வழக்கிலுள்ள தீர்வுகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பைத்தான் பொதிகளின் பெயர்களையும் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் எழுதிவைப்பது நல்ல பழக்கம். ஆனால் அவற்றின் அடியில் இருக்கும் சி லைப்ரரிகளையும் கம்பைலரையும் அந்தப் பட்டியல் அறியாது. காண்டா இன்னும் ஆழமாகச் செல்கிறது. எனினும் பதிப்புகளை முழுமையாகப் பூட்டிவைக்காவிட்டால், இன்று தீர்மானிக்கும் சேர்க்கையும் அடுத்த ஆண்டு தீர்மானிக்கும் சேர்க்கையும் ஒன்றாக இருப்பதில்லை. டாக்கர் முழுச் சூழலையும் ஒரு படிமமாக உறையவைக்கிறது. படிமம் கையில் இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் அதை உருவாக்கிய குறிப்பைத் திறந்து பார்த்தால், 'பொதிகளைப் புதுப்பி, பிறகு இவற்றை நிறுவு' என்று இருக்கும். எந்த நாளின் பொதிகள்? அதே குறிப்பிலிருந்து இன்று கட்டினால் இன்னொரு படிமம்தான் பிறக்கும். சமைத்த உணவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, சமையற்குறிப்பைப் பாதுகாத்ததாக நினைத்துக்கொள்வதைப் போன்றது இது.

இந்தச் சிக்கலை வேரிலிருந்து அணுகியவர் ஈல்கோ டோல்ஸ்ட்ரா. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் அவர் தொடங்கிய பணியே நிக்ஸ். 2006இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாக நிறைவுற்றது. அதன் அடிப்படைக் கருத்து நம் பள்ளிக் கணிதத்தில் உள்ளது. கணிதச் சார்பு ஒன்றுக்கு அதே உள்ளீடுகளைத் தந்தால் அதே வெளியீடு கிடைக்கும். வெளியே நாள் என்ன, கிழமை என்ன என்று அது பார்ப்பதில்லை. ஒரு மென்பொருளைக் கட்டுவதையும் அத்தகைய சார்பாகக் கருதினால் என்ன என்று அவர் கேட்டார். மூலநிரல், கம்பைலர், லைப்ரரிகள், கட்டும் கட்டளைகள் ஆகியவை உள்ளீடுகள். கட்டப்பட்ட மென்பொருள் வெளியீடு.

இதை நடைமுறையாக்க நிக்ஸ் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, கட்டும் பணியை மூடிய அறையில் நடத்துகிறது. அந்த அறையில் இணையம் இல்லை. பயனரின் அமைப்புகள் இல்லை. வெளிப்படையாகக் குறிப்பிடாத எந்த லைப்ரரியும் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றை மறந்து விட்டுவிட்டால் வேலை அப்போதே நின்றுவிடும். வெளியிலிருந்து தருவிக்க வேண்டிய மூலநிரலுக்கும், அதன் ஹாஷ் எனப்படும் கைரேகையை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வந்தது பொருந்தாவிட்டால் ஏற்காது. இரண்டாவது, கட்டிமுடித்ததை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் கொட்டாமல், தனக்கென்று உள்ள களஞ்சியத்தில் தனிக் கோப்புறையில் வைக்கிறது. அந்தக் கோப்புறையின் பெயர், உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணக்கிடப்பட்ட 32 எழுத்து ஹாஷுடன் தொடங்குகிறது. அடித்தளத்தில் ஒரே ஒரு லைப்ரரி மாறினாலும் அதைச் சார்ந்த மென்பொருளின் ஹாஷ் மாறும். அது வேறொரு கோப்புறைக்குச் செல்லும். ஆகவே ஆர் மொழியின் பத்துப் பதிப்புகள் ஒரே கணினியில் ஒன்றையொன்று தொடாமல் வாழலாம். புதியதை நிறுவுவதால் பழையது அழியாது. பிடிக்காவிட்டால் ஒரே கட்டளையில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

இதே கருத்தைப் பின்பற்றி, ஸ்கீம் மொழியில் அமைந்த குனு கிக்ஸ் 2012இல் அறிவிக்கப்பட்டது. அதில் 'கால இயந்திரம்' என்றே ஒரு கட்டளை உண்டு: பொதித் தொகுதியின் ஒரு குறிப்பிட்ட நிலையைச் சுட்டினால், அந்நாளைய மென்பொருள்களைத் திரும்பக் கொண்டுவர முனையும். மூலநிரல் இணையத்தில் மறைந்துபோயிருந்தால், 2016இல் பிரான்சின் இன்ரியா நிறுவனம் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்திலும் தேடும்.

எங்கள் சிக்கலுக்குத் திரும்புகிறேன். முன்னவர் எந்த ஆர் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பது முதல் கேள்வி. அவர் விட்டுச்சென்ற ஆர்டிஎஸ் கோப்புகளில் விடை இருந்தது; அவற்றை எழுதிய ஆர் பதிப்பின் எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே பதிவாகிறது. அது 3.5 வரிசையைச் சேர்ந்தது. நிக்ஸின் பொதித் தொகுதியில் 2019 ஏப்ரலில் வந்த 19.03 வெளியீட்டைச் சுட்டி, ஆர் மொழியையும் துணைப் பொதிகளையும் அந்நாளைய நிலையில் கொண்டுவந்தோம். கணினியின் மற்றப் பயனர்கள் எவருக்கும் இதனால் ஓர் இடையூறும் இல்லை. அந்தச் சூழலில் நிரலை ஓட்டினோம். ஆய்வேட்டிலிருந்த பட்டியல், ஒரு பெயர் பிசகாமல், திரையில் வந்தது.

அதன்பின் காரணத்தைக் காண்பது எளிதாயிற்று. 2019 ஏப்ரலில் வெளியான ஆர் 3.6.0, சமவாய்ப்பாக மாதிரி எடுக்கும் சார்பின் உள்முறையை மாற்றியது. பெரிய தொகுதிகளிலிருந்து எடுக்கும்போது பழைய முறையில் சிறிய சாய்வு இருந்தது. அதைக் களையவே இந்த மாற்றம். விளைவாக, அதே விதை எண் தந்தாலும் 3.5உம் 3.6உம் வெவ்வேறு மாதிரிகளை எடுக்கும். எங்கள் நிரலோ குழுப்பெயர்களைப் பல்லாயிரம் முறை கலைத்துப்போட்டு முக்கியத்துவத்தைக் கணிப்பது. எல்லைக்கோட்டு மரபணுக்கள் இங்குமங்கும் தாவியதில் வியப்பில்லை. புதிய ஆர் மொழியிலும் பழைய முறையை அழைக்க ஒரு வழி உண்டு. அதை மட்டும் இட்டு, மற்ற அனைத்தையும் புதியதாகவே வைத்து ஓட்டினோம். பழைய பட்டியலே மீண்டும் வந்தது. ஐயத்துக்கு இடமின்றிக் காரணம் தனித்து நின்றது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மற்றவற்றை நிலைநிறுத்தி ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது சோதனை அறிவியலின் முதற்பாடம். கணினிச் சூழலை நிலைநிறுத்த முடியாதபோது, கணக்கீட்டில் நாம் அந்த முதற்பாடத்தையே கைவிட்டவர்களாகிறோம். அந்தச் சூழலும் ஒரு மாறிதான். அதைக் கட்டுப்படுத்தும் கருவி இருக்கும்போது கட்டுப்படுத்தியாக வேண்டும். அந்த மாணவி ஆய்வுக் குழுவின் முன், விலகிய இரண்டு மரபணுக்களும் எல்லைக்கோட்டில் நிற்பவை என்பதைச் சான்றோடு கூறி, தம் திட்டத்தை உறுதியான மரபணுக்களின் மீது மாற்றியமைத்தார். முன்னவரின் ஆய்வேட்டைப் பற்றிய பேச்சும் அத்தோடு ஓய்ந்தது.

குறைகளையும் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். நிக்ஸ் மொழியைக் கற்பது எளிதன்று. முதல் சில வாரங்கள் எரிச்சலூட்டும். களஞ்சியம் வட்டில் பேரிடம் பிடிக்கும். பயன்படாதவற்றை அவ்வப்போது துப்புரவு செய்ய வேண்டும். பொதுவான உயர்திறன் கணினிக் கொத்துகளில் நமக்கு நிர்வாகி உரிமை இராது. அங்கே நிக்ஸிலோ கிக்ஸிலோ கட்டிய சூழலை ஒரு படிமமாக்கி ஆப்டெய்னர் வழியே ஓட்டுவதே நடைமுறை. ஜிபியு டிரைவர் இந்தச் சுவருக்கு வெளியே நிற்கிறது. ஓப்பன்பிளாஸ் போன்ற லைப்ரரிகள் ஓடும் செயலிக்கேற்ப வேறு கணக்கீட்டு வழியைத் தேர்வதால், கடைசித் தசம இலக்கங்கள் மாறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறான பகுப்பாய்வை நிக்ஸ் திருத்தாது. அதே தவறை ஒவ்வொரு முறையும் துல்லியமாகத் தரும். ஆயினும் மாறாமல் நிற்கும் தவறைத்தானே ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க முடியும்?

இந்தியச் சூழலில் இதற்கு இன்னுமொரு தேவை உண்டு. உதவித்தொகை ஐந்து ஆண்டுகள். அதன்பின் ஆய்வாளர் போய்விடுகிறார். நிரலைப் புரிந்த நினைவும் அவருடன் போகிறது. பல ஆய்வகங்களில் சர்வரைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை; யாருக்குக் கொஞ்சம் தெரியுமோ அவரே நிர்வாகி. ஷோத்கங்காவில் ஆய்வேட்டின் மின்பிரதி சேர்கிறது. கணக்கீடு ஓடிய சூழல் அத்துடன் பயணிப்பதில்லை. ஊர், மொழி, துறை கடந்து ஒருவர் பின் ஒருவராக வந்துபோகும் இடத்தில், ஒருவரின் உழைப்பு அடுத்தவர் கைக்குச் சேதமின்றிப் போக வேண்டுமானால், அது எழுத்தாக இருக்க வேண்டும். ஒரு சூழலை முழுவதும் வரையறுக்கும் நிக்ஸ் கோப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இளம் ஆய்வாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முழுக் கணினியையும் மாற்ற வேண்டாம். அடுத்து எழுதப்போகும் ஒரு கட்டுரைக்கு மட்டும், ஒரே கோப்புறையில் தொடங்குங்கள். பொதித் தொகுதியின் எந்த நிலையைப் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பூட்டி, நிரலோடு சேர்த்தே கிட்டில் வையுங்கள். சமர்ப்பிக்கும் முன், உங்கள் ஆய்வில் தொடர்பில்லாத ஒரு நண்பரிடம் அந்தக் கோப்புறையை மட்டும் கொடுத்து, நீங்கள் அருகில் இல்லாமல் அவருடைய கணினியில் ஓட்டச் சொல்லுங்கள்.

நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒன்றே ஒன்று: நொதியின் பட்டியல் எண்ணைக் கேட்கும் அதே குரலில், கணக்கீடு ஓடிய சூழல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். பின்னிணைப்பில் அரைப்பக்கம் போதும்.