ஒண்ணுமில்லாத வலி

ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஓவர்லாக் மிஷினை ஆஃப் பண்ணிவிட்டு எழுந்தேன். நெஞ்சின் இடப்பக்கம் ஊசி இறங்கியது போல ஒரு குத்து. மூச்சை இழுத்தால் இன்னும் ஆழமாக இறங்கியது. எனக்கு அப்போது 27 வயசு.

எங்கள் வீட்டில் நெஞ்சுவலி என்று யாரும் சும்மா சொல்ல மாட்டோம். அப்பாவுக்கு வந்தபோது அவரே அதை வாய்வு என்றார். அன்று சனிக்கிழமை. "சம்பளம் வாங்கீட்டுப் போய்க்கலாம்" என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, வேர்த்த முகத்தோடு பேக்கிங் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வாரச் சம்பளக் கவரை நான்தான் போய் வாங்கினேன்.

அதனால் அம்மா இஞ்சி தட்டவில்லை. "கெளம்பு கண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அரசு ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். இதயத் தசையில் சேதம் இருக்கிறதா என்று ரத்தத்திலும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் டாக்டரம்மா நெஞ்செலும்பின் ஓரமாக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது விலாவில் துள்ளிவிட்டேன்.

"இதே வலிதானே?"

"இதேதானுங்க."

காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்றார். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில், காதுமடல் போல வளைகிற குருத்தெலும்பு இருக்கிறது. அங்கே வரும் அழற்சி. பாரம் தூக்குவது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, விடாத இருமல் என்று எதனாலும் வரலாம். பல பேருக்குக் காரணமே தெரியாது. இதனோடு வீக்கமும் இருந்தால் அதற்கு டீட்சே என்று பெயர். 1921-ல் அதை எழுதிவைத்த ஜெர்மன் மருத்துவரின் பெயர்.

"அழுத்துனா வலிக்குது, அதனால ஹார்ட் இல்லன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. வேர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ வலி பரவுறது இருந்தா உடனே 108" என்றார்.

கை உடைந்தால் கட்டுப்போட்டுத் தொங்கவிடலாம். இந்த மூட்டுக்கு லீவு கிடையாது. ஒவ்வொரு மூச்சுக்கும் அசைந்தாக வேண்டும், பீஸ் ரேட்காரனைப் போல.

"ஹார்ட் இல்லீல்ல? அப்பறமென்ன, ஒண்ணுமில்ல" என்றார் காண்ட்ராக்டர். முந்தின ராத்திரி அம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த ஒண்ணுமில்லாத வலி பத்து வாரம் இருந்தது. டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, ராத்திரி வெந்நீர் ஒத்தடம். வலி தணிந்ததும், கதவு நிலையில் கைகளை ஊன்றி நெஞ்சை மெதுவாக விரிக்கும் பயிற்சி. தரையில் கிடக்கும் பண்டலை உட்கார்ந்தபடியே உடம்பைத் திருகி இழுப்பதை நிறுத்தினேன். கைமடிப் பெண் பாதிப் பாதியாக ஸ்டூல் மேல் எடுத்து வைப்பாள். பீஸ் குறைந்தது. சனிக்கிழமைக் கவரும் மெலிந்தது.

போன வாரம் அவள், "அண்ணா, எனக்கும் இங்க குத்துதுங்" என்று நெஞ்சில் கை வைத்தாள். ஒண்ணுமில்ல என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. மிஷினை ஆஃப் பண்ணிவிட்டு, "எப்ப இருந்து?" என்று கேட்டேன்.