நரி முகத்தில் விழிக்க...

1957-ல் பழுப்பு நிலக்கரி வெட்டத் தொடங்கியதும் எழுந்த நகரம் நெய்வேலி. நேரான சாலைகள், நிழல் மரங்கள், எண்ணிட்ட வட்டங்களில் வரிசையாக வீடுகள்! சுற்றிலுமோ முந்திரித் தோப்புகள். நரிக்கு உகந்த இடம்.

நரியின் அமெரிக்க உறவினன் கயோட்டி. வெட்டவெளியில் அதைத் தொலைவிலிருந்தே சுட, அங்குள்ள வேட்டைக்காரர்கள் .223 ரக ரைபிளை நாடுகிறார்கள். நம் நரிக்குறவர்களிடம் இருந்ததோ நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டிக் கெட்டித்து, மேலே ஈய ரவையைப் போடுவார்கள். குருவிக்குப் பொடி ரவை. இரை பெரிதானால் ரவையும் பெரிது. ரவை சற்றுத் தூரத்தில் விழுந்துவிடும். ரைபிள் தோட்டாவோ, சின்னஞ்சிறு .22 ரகம்கூட ஒரு மைல் பாயும். குழந்தைகள் விளையாடும் குடியிருப்பின் அருகே எது ஆபத்து என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் இன்று ரவையும் ஆகாது, தோட்டாவும் ஆகாது. வனவிலங்குச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம், நரியைப் புலியோடு முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. வயல் எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் பிராணி அல்லவா அது?

நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் பாட்டிமார். நரி இருந்தாலல்லவா விழிக்கலாம்!